சந்திப்பை அகலப்படுத்தினால் நெரிசல் எங்கே போகிறது?

நெரிசலான சாலைச் சந்திப்பு ஒன்றை அகலப்படுத்தப் போகிறோம் என்று அறிவிப்பு வந்தால், அதில் பெரும்பாலும் இரண்டு வாக்குறுதிகள் சேர்ந்தே இருக்கும். நெரிசல் குறையும். வட்டாரம் வளரும். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். ஆனால் இவை இரண்டும் ஒன்றோடொன்று அவ்வளவு ஒத்துப்போகிறவை அல்ல. நெரிசல் குறைந்ததால் கிடைக்கும் இடத்தைத் தின்றுதான் வளர்ச்சி நடக்கும். எவ்வளவு இடம் கிடைக்கிறது, அது எத்தனை ஆண்டு தாங்கும் என்று கேட்டால்தான் திட்டத்தின் மதிப்பு தெரியவரும். அதற்கு முதலில், ஒரு சிக்னல் சந்திப்பு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

சாலையின் கொள்ளளவை நாம் அகலத்தை வைத்தே யோசிக்கிறோம். சந்திப்பில் அதைத் தீர்மானிப்பது நேரம். நடுவில் இருக்கும் அந்தச் சதுரம் எல்லாத் திசைகளுக்கும் பொது. ஒருவர் அதைப் பயன்படுத்தும்போது மற்றவர் நிற்க வேண்டும். பச்சை விழுந்ததும் ஒரு தடத்தில் காத்திருக்கும் கார்கள் சுமார் 2 விநாடிக்கு ஒன்று வீதம் நிறுத்தக் கோட்டைத் தாண்டும். மணி முழுக்கப் பச்சையே எரிந்தால் 1,800 கார்கள் போகலாம். அமெரிக்காவின் சாலைக் கொள்ளளவுக் கையேடு 1,900 என்ற அடிப்படை எண்ணிலிருந்து தொடங்குகிறது. பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடத்தில் சிக்னல்களைப் பற்றி 1958-ல் எழுதிய எஃப்.வி. வெப்ஸ்டரின் கணக்கு தடத்தை எண்ணுவதே இல்லை, 5.5 மீட்டருக்கு மேல் அகலமான சாலையில் ஒவ்வொரு மீட்டருக்கும் மணிக்கு 525 கார் என்கிறது. இரண்டு தடம் கொண்ட 7 மீட்டர் சாலைக்கு அதைப் போட்டுப் பார்த்தாலும் ஒரு தடத்துக்கு ஏறத்தாழ அதே எண்தான் வரும்.

பச்சை ஒரு மணி நேரம் முழுக்க எரியப்போவதில்லை. எல்லாத் திசைகளுக்கும் ஒரு முறை பச்சை வந்துபோக 90 விநாடி, அதுதான் ஒரு சுழற்சி; அதற்குள் மாறி மாறிப் பச்சை பெறும் முறைகள், அதாவது கட்டங்கள், நான்கு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறை திசை மாறும்போதும் மஞ்சள், எல்லாப் பக்கமும் சிவப்பு, முதல் கார் கிளம்ப எடுக்கும் தயக்கம் என்று சுமார் 4 விநாடி வீணாகும். நான்கு கட்டத்துக்கு 16 விநாடி. மிஞ்சும் 74 விநாடியைத்தான் பங்கு போட வேண்டும். பிரதான சாலைக்கு அதில் 30 விநாடி கிடைத்தால், ஒரு தடத்தில் சுழற்சிக்கு 15 கார். மணிக்கு 40 சுழற்சி, ஆக 600 கார். 1,800 கார் போகக்கூடிய தடம் சந்திப்பில் 600 ஆகிவிட்டது. ஊரைத் தாண்டிய நெடுஞ்சாலையில் சீராக ஓடும் போக்குவரத்து சந்திப்பில் வந்து தேங்குவதற்கு அடிப்படைக் காரணம் இதுதான்.

இனி ஒரு சின்னக் கணக்கு. அந்தத் தடத்துக்குச் சுழற்சிக்கு 14 கார் வந்தால் எல்லாரும் ஒரே பச்சையில் போய்விடலாம். 16 வந்தால் ஒவ்வொரு முறையும் ஒன்று மிஞ்சும். ஒரு மணி நேரத்தில் 40 கார் தேங்கும், கடைசியில் நிற்பவருக்கு ஏறத்தாழ 4 நிமிடம் காத்திருப்பு. 17 வந்தால் 80 கார் தேங்கும். ஒரு காருக்கு 7 மீட்டர் என்று வைத்தால் வரிசை அரை கிலோமீட்டரைத் தாண்டிவிடும், காத்திருப்பு 8 நிமிடம். 14-க்கும் 17-க்கும் நடுவே மூன்றே கார்தான் வித்தியாசம். கார்கள் சீராக வராமல் கொத்துக் கொத்தாக வருவதால், 14 என்ற நிலையிலேயே சில சுழற்சிகளில் மிச்சம் விழும். அதனால்தான் கொள்ளளவில் 85, 90 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளப் பொறியாளர்கள் பாடுபடுகிறார்கள்.

இது இரண்டு பக்கமும் வெட்டும். பள்ளி விடுமுறை நாளில் கொஞ்சம் வண்டி குறைந்தாலே சந்திப்பு காலியாகிவிட்டதுபோலத் தெரியும். அதேபோல ஒரு சந்திப்பின் கொள்ளளவைப் பத்து சதவீதம் கூட்டினாலே வரிசை பாதிக்கும் கீழே போகலாம். அகலப்படுத்தும் திட்டங்கள் திறந்த முதல் மாதத்தில் கிடைக்கும் பாராட்டு பொய்யல்ல. கணக்கின் வளைவே அப்படி.

அகலம் எங்கே வேலை செய்கிறது

எல்லா அகலமும் ஒரே பலனைத் தராது. மிக நல்ல பலன் தருவது, எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கே வெட்டித் திரும்புகிறவர்களுக்குத் தனி இடம் ஒதுக்குவது. இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில் அது வலது திருப்பம். நேராகப் போகும் தடத்திலேயே ஒருவர் வலதுபுறம் திரும்பக் காத்து நின்றால், அவருக்குப் பின்னால் நிற்கும் பதினைந்து பேருடைய பச்சையும் போச்சு. அவருக்கு நடுவில் நாற்பது, ஐம்பது மீட்டர் நீளத்துக்கு ஒரு ஒதுக்கிடம் கிடைத்தால் பின்னால் இருப்பவர்கள் விடுபடுவார்கள். சில இடங்களில் இப்படி ஒதுக்கியதும் எதிரெதிர்த் திருப்பங்களை ஒரே நேரத்தில் விட முடியும்; ஒரு கட்டம் குறையும், அதோடு 4 விநாடி வீணும் குறையும்.

அடுத்தது கொஞ்சம் தலைகீழான சங்கதி. பிரதான சாலை நெரிகிறது என்றால் கிளைச் சாலையை அகலப்படுத்துவது சில சமயம் அதிக லாபம். கிளைச் சாலையில் ஒரே தடம், சுழற்சிக்கு 10 கார் வருகிறது, அதற்கு 20 விநாடி பச்சை வேண்டும். அதை இரண்டு தடமாக்கினால் 10 விநாடி போதும். மிச்சமான 10 விநாடியைப் பிரதான சாலைக்குக் கொடுத்தால் அதன் பச்சை 30-லிருந்து 40 ஆகிறது. பிரதான சாலையில் ஒரு மீட்டர்கூடத் தோண்டாமல் மூன்றில் ஒரு பங்கு கொள்ளளவு கூடிவிட்டது.

கேட்க அருமையாக இருக்கிறது, ஆனால் இங்கேதான் நடந்து போகிறவர்கள் வருகிறார்கள். பிரதான சாலையை மக்கள் குறுக்கே கடப்பது கிளைச் சாலைக்குப் பச்சை எரியும் அந்த நேரத்தில்தான். பிரதான சாலை 21 மீட்டர் அகலம் என்றால், வடிவமைப்பில் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் விநாடிக்கு 1.2 மீட்டர் நடையில் அதைக் கடக்கப் பதினேழு, பதினெட்டு விநாடி ஆகும். வயதானவருக்கும் குழந்தையோடு வருபவருக்கும் இன்னும் கூடும். ஆக, கிளைச் சாலைக்கு 10 விநாடி போதும் என்பது காரைப் பார்த்துப் போட்ட கணக்கு. மனிதரையும் சேர்த்துக்கொண்டால், மிச்சப்பட்டதாக எண்ணிய விநாடிகளில் பெரும்பகுதி திரும்பப் போய்விடும். போகக் கூடாது என்று நினைக்கிறவர்கள் என்ன செய்கிறார்கள்? நடைபாதைக் கடவையை ஒரு பக்கத்தில் எடுத்துவிடுகிறார்கள், அல்லது நடுத்தீவில் நிறுத்தி இரண்டு தவணையாகக் கடக்கச் சொல்கிறார்கள். வரைபடத்தில் இதற்குப் பெயர் மேம்பாடு. மழையில் நடுத்தீவில் நிற்கிறவர் வேறு பெயர் வைத்திருப்பார்.

அகலமே அகலத்தைத் தின்னும் வழி இன்னொன்றும் உண்டு. பக்கத்துக்கு ஒரு தடம் வீதம் சாலையில் 7 மீட்டர் கூடினால், கடப்பதற்கு இன்னும் 6 விநாடி தேவை. நடுச் சதுரமும் பெரிதாகிறது. கடைசி வண்டி அதைத் தாண்டிப் போக ஆகும் நேரமும் நீள்கிறது, ஆக, எல்லாப் பக்கமும் சிவப்பாக இருக்கும் இடைவெளியையும் நீட்ட வேண்டும். இந்த வீண் விநாடிகள் ஒவ்வொரு கட்டத்திலும் திரும்பத் திரும்ப வரும். வீணைக் குறைக்கச் சுழற்சியை 120 விநாடியாக்கலாம்; 16 விநாடி இழப்பு 18 சதவீதத்திலிருந்து 13 ஆகும். பதிலாகச் சிவப்பு நீளும், பொறுமையிழந்தவர்கள் சிவப்பிலேயே கடக்கத் தொடங்குவார்கள்.

பின்பு, தடத்தின் நீளம். திட்ட வரைபடங்களில் நான் முதலில் தேடுவது இதைத்தான். சந்திப்பை ஒட்டி 60 மீட்டருக்கு மட்டும் ஒரு தடம் சேர்த்தால் அதில் எட்டு கார் நிற்கும். பச்சை விழுந்ததும் முதல் 16 விநாடி இரண்டு தடமும் ஓடும். அதற்கப்புறம் பின்னால் இருக்கும் ஒற்றைத் தடத்திலிருந்து வருவதுதான். 30 விநாடிப் பச்சையில் 30 கார் போகும் என்று எதிர்பார்த்த இடத்தில் 23 கார்தான் போகும். மறுபக்கமும் அப்படியே. சந்திப்பைத் தாண்டியதும் இரண்டு தடமும் உடனே ஒன்றாகச் சேர வேண்டியிருந்தால், தெரிந்தவர்கள் புதுத் தடத்துப் பக்கமே போகமாட்டார்கள். பக்கத்துத் தடத்தில் வரிசை நிற்கும், புதுத் தடம் பாதி காலியாக இருக்கும். வெளியேறும் பக்கத்திலேயே பஸ் நிறுத்தமும் நின்ற வண்டிகளும் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இதுவரை கார்களை வைத்தே பேசியதற்குக் காரணம் கணக்கின் எளிமை. இருசக்கர வண்டிகள் நிறைந்த போக்குவரத்தில் தடம் என்பது தரையில் போட்ட கோடு மட்டும்தான். கிடைத்த இடுக்கில் முன்னேறி, பச்சை விழும்போது கோட்டருகே ஒரு கூட்டமே காத்திருக்கும். இந்தியாவின் மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம் 2017-ல் வெளியிட்ட கொள்ளளவுக் கையேடு சிக்னல் கணக்கைத் தடத்தில் தொடங்காமல் மீட்டர் அகலத்தில் தொடங்குவது இதனால்தான். அத்தகைய இடங்களில் அரைத் தடம் அகலம்கூட உண்மையாகவே பயன்படும். அதே காரணத்தால், திரும்புகிறவர்களுக்கென்று ஒதுக்கிய இடத்தை நேராகப் போகிறவர்கள் நிரப்பிவிடுவதும் நடக்கும்.

அடுத்த சந்திப்பு

ஒரு சந்திப்பு திறந்துவிட்டால் அதுவரை அது தடுத்து வைத்திருந்த வண்டிகள் எல்லாம் சீக்கிரமே அடுத்த சந்திப்பை அடையும். அங்கே கையிருப்புக் கொள்ளளவு இருந்தால் நல்லது. இல்லையென்றால் குழாய் அடைப்பை எடுக்காமல் ஒரு முழம் தள்ளி வைத்ததுபோல்தான். அதைவிட மோசமாகவும் போகலாம்: அடுத்த சந்திப்பின் வரிசை பின்னோக்கி வளர்ந்து, புதிதாக அகலப்படுத்திய சந்திப்பின் நடுச் சதுரத்திலேயே வந்து நிற்கும். அப்போது குறுக்கே போகிறவர்களுக்கும் வழியில்லை. பச்சை எரிந்தும் யாரும் நகர முடியாத நிலை. சில சந்திப்புகள், யாரும் திட்டமிடாமலே, நகர மையத்துக்குள் எவ்வளவு வண்டி போகலாம் என்று அளந்துவிடும் வாசலாக இருந்துவருகின்றன. வாசலைப் பெரிதாக்குவதற்கு முன் உள்ளே இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே சந்திப்பை மட்டும் எடுத்து மாதிரிக் கணக்குப் போட்ட அறிக்கையில் இந்தக் கேள்விக்கு இடமே இருக்காது. முன்னும் பின்னும் இரண்டிரண்டு சந்திப்புகளையாவது சேர்த்திருக்க வேண்டும். மேம்பாலத்துக்கும் இதே கதைதான், செலவு மட்டும் பெரிது.

வளர்ச்சி என்றால் யாருடையது

இப்போது இரண்டாவது வாக்குறுதி. புதிய குடியிருப்போ தொழிற்பேட்டையோ வரப்போகும் நிலத்துக்குப் போகும் வழியில் ஒரு நெரிந்த சந்திப்பு இருந்தால், அது அனுமதிக்கே தடையாக நிற்கும். அகலப்படுத்தினால் தடை நீங்கும், வீடும் வேலையும் வரும். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த வீடுகளும் வேலையிடங்களும் வண்டிகளை அனுப்பும், அவை வருவதும் அதே சந்திப்புக்குத்தான். அகலப்படுத்தியதால் 15 சதவீதம் கையிருப்புக் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். போக்குவரத்து ஆண்டுக்கு 2 சதவீதம் வளர்ந்தால் அது ஏழே ஆண்டில் தீரும். 3 சதவீதம் என்றால் ஐந்து ஆண்டுகூடத் தாங்காது. திட்டம் தீட்டி, நிலம் எடுத்து, கட்டி முடிக்கவே அதில் பாதி ஆண்டுகள் போய்விடுகிற இடங்களில், திறப்பு விழா அன்றே கையிருப்பில் ஒரு பகுதி செலவாகியிருக்கும்.

இது இயல்பான வளர்ச்சி. இதுபோக, அகலமே அழைத்து வரும் போக்குவரத்தும் உண்டு. அமெரிக்கப் பொருளியலாளர் ஆந்தனி டவுன்ஸ் 1962-லேயே இதை எழுதினார்: நகரத்து விரைவுச்சாலைகளில் உச்ச நேர நெரிசல், இருக்கும் கொள்ளளவை நிரப்பும் வரை உயரும். காரணத்தை அவர் பின்னர் மூன்றாகப் பிரித்துச் சொன்னார். வேறு வழியில் போனவர்கள் இந்த வழிக்குத் திரும்புகிறார்கள். நெரிசலுக்குப் பயந்து முன்னதாகவோ தாமதமாகவோ கிளம்பியவர்கள் உச்ச நேரத்துக்கே வருகிறார்கள். பஸ்ஸிலும் ரயிலிலும் போனவர்கள் வண்டியை எடுக்கிறார்கள். 1994-ல் பிரிட்டன் அரசின் ஆலோசனைக் குழு ஒன்றும், சாலையைப் பெரிதாக்கினால் கூடுதல் பயணங்கள் உருவாகத்தான் செய்யும், திட்ட மதிப்பீட்டில் அதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. ஜில் டுரான்டனும் மேத்யூ டர்னரும் 2011-ல் வெளியிட்ட ஆய்வு அமெரிக்க மாநகரங்களில் பார்த்தது இது: மாநிலங்களுக்கிடையிலான நெடுஞ்சாலைகளின் தட நீளம் எந்த விகிதத்தில் கூடியதோ, ஏறத்தாழ அதே விகிதத்தில் ஓட்டிய தூரமும் கூடியது. ஹூஸ்டனின் கேட்டி ஃப்ரீவே 2008-ல் விரிவாக்கி முடிக்கப்பட்டது. பக்கச் சாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 தடம். சில ஆண்டுகளிலேயே உச்ச நேரப் பயணம் அதில் மறுபடி நீளத் தொடங்கியது.

இதையெல்லாம் அப்படியே ஒரு சந்திப்புக்குப் பொருத்திவிடக் கூடாது. அந்த ஆய்வுகள் பெரும்பாலும் நீண்ட நெடுஞ்சாலைகளைப் பற்றியவை. ஒரு சந்திப்பில் மிச்சமாகும் இரண்டு நிமிடத்துக்காக யாரும் வீடு மாறப்போவதில்லை. ஆனால் வழியை மாற்றுவார்கள், நேரத்தை மாற்றுவார்கள். கைப்பேசி வரைபடம் இரண்டு நிமிட வித்தியாசத்தையே பார்த்து வழி சொல்லும் காலத்தில் அது வேகமாகவும் நடக்கும். இதனால் அகலப்படுத்தியது வீண் என்றும் ஆகிவிடாது. முன்பு தெருக்களுக்குள் புகுந்து போன வண்டிகள் பிரதான சாலைக்குத் திரும்பினால் தெருவில் இருப்பவர்களுக்கு நிம்மதி. அதிகம் பேர் தாங்கள் விரும்பிய நேரத்தில் போகிறார்கள் என்றால் அதுவும் ஒரு பலன்தான். நான் மறுப்பது ஒன்றை மட்டும்: இந்தப் பலனையும் காட்டிக்கொண்டு, வரிசையும் நிரந்தரமாகக் குறையும் என்று சேர்த்துச் சொல்வதை. இரண்டில் ஒன்றைத்தான் நேர்மையாகச் சொல்ல முடியும்.

வளர்ச்சியைத் தாங்க வேண்டும் என்றால் எண்ண வேண்டியது வண்டிகளை அல்ல, ஆட்களை. ஒரு தடத்தின் ஒரு பச்சையில் போகும் 15 கார்களில் பெரும்பாலும் ஒருவரோ இருவரோ இருப்பார்கள். நிரம்பிய ஒரே பஸ்ஸில் அதைவிட அதிகம் பேர் போவார்கள். சேர்க்கும் தடம் பஸ்ஸை வரிசைக்கு முன்னால் கொண்டுபோகும் தடமாக இருந்தால், அதே அகலம் பல ஆண்டுகள் கூடத் தாங்கும். புதுக் குடியிருப்புக்கு முதல் நாளிலிருந்தே பஸ் ஓடுகிறதா என்பது சந்திப்பின் ஆயுளைத் தடத்தின் எண்ணிக்கையைவிட அதிகம் தீர்மானிக்கும்.

தோண்டுவதற்கு முன்

விநாடியைச் சேமிக்க அகலம் ஒன்றே வழியல்ல. நிறுத்தக் கோட்டுக்கு ஐம்பது மீட்டருக்குள் வண்டி நிறுத்துவதைத் தடுத்தால் பல இடங்களில் ஒரு தடம் இலவசமாகக் கிடைக்கும். இதில் பொறியியல் குறைவு, மன உறுதி அதிகம் வேண்டும், அதனால்தான் கான்கிரீட் ஊற்றுவது எளிதாகத் தெரிகிறது. குறுக்கே வெட்டும் திருப்பத்தைச் சந்திப்பிலேயே தடை செய்து, தாண்டிப் போய் யூ-டர்ன் எடுத்து வரச் செய்வது இன்னொரு வழி. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் 1960-களிலிருந்து இதைச் செய்கிறது. நான்கு கட்டச் சிக்னல் இரண்டு கட்டமாகிவிடும். நெடுஞ்சாலையும் வேறொரு சாலையும் பாலத்தால் மேலும் கீழுமாகச் சந்திக்கும் இடங்களில் இரண்டு திசைகளையும் சற்று நேரம் பக்கம் மாற்றி ஓடவிட்டு இதே பலனைப் பெறும் அமைப்பும் உண்டு. பிரான்சின் வெர்சாயில் 1970-களில் வந்த இந்த யோசனை, அமெரிக்காவில் முதன்முதலில் 2009-ல் மிசூரி மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் செயலுக்கு வந்தது.

ரவுண்டானாவின் வரலாறு இதில் சுவாரசியமானது. உள்ளே நுழைகிறவருக்கு வழி விட்டால் வட்டம் தன் வண்டிகளாலேயே பூட்டிக்கொள்ளும். 1966-ல் பிரிட்டன் விதியை ஒழுங்கு செய்தது: வட்டத்தில் ஏற்கெனவே சுற்றுகிறவருக்கே முன்னுரிமை, நுழைகிறவர் காத்திருக்க வேண்டும். பூட்டு விலகியது, சின்ன வட்டங்களே போதுமானவை ஆயின. நாற்சந்தியில் வண்டிகள் மோதிக்கொள்ளக்கூடிய புள்ளிகள் 32 என்றால் ஒற்றைத் தட ரவுண்டானாவில் 8தான். ஆனால் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விடாமல் வண்டி வரும் இடத்தில் மற்றப் பக்கத்தார் நுழையவே முடியாது. அங்கே சிக்னல்தான் சரி.

வரிசையைப் பார்த்துப் பச்சையை மாற்றிக்கொள்ளும் சிக்னல் முறைகளும் பழையவைதான். சிட்னியில் 1970-களில் உருவான ஸ்கேட்ஸ், பிரிட்டனின் ஸ்கூட் இரண்டும் பல நாடுகளில் ஓடுகின்றன. ஒரு பக்கம் காலியாக இருக்கும்போது இன்னொரு பக்கம் நெரிந்தால் இவை அற்புதமாக உதவும். நான்கு பக்கமும் நிரம்பிவிட்டால் மாற்றிக் கொடுக்க விநாடி எதுவும் மிச்சமிருக்காது. எந்த மென்பொருளும் 90 விநாடியை 100 ஆக்கப்போவதில்லை. அந்த நிலையில் அகலப்படுத்துவது நியாயமே, மேலே சொன்ன திருப்ப ஒதுக்கிடமும் போதுமான நீளமும் பஸ் தடமும் கடவை நேரமும் வரைபடத்தில் இருந்தால்.

வேலை தொடங்கினால் காலத்தைத் தின்பது பெரும்பாலும் தார் போடுவதல்ல, தரைக்குக் கீழே இருப்பவை: குடிநீர்க் குழாய், கழிவுநீர், மின்கேபிள், தொலைத்தொடர்பு. ஒவ்வொன்றுக்கும் வேறு அலுவலகம், வேறு அட்டவணை.

கட்டி முடித்தபின் அளந்து பார்க்கும் பழக்கம் பல இடங்களில் இல்லை. இங்கிலாந்தில் தேசிய நெடுஞ்சாலை அமைப்பு தன் பெரிய திட்டங்களைத் திறந்து ஓராண்டு கழித்தும் ஐந்தாண்டு கழித்தும் மதிப்பிட்டு அறிக்கை வெளியிடுகிறது. அந்த ஐந்தாண்டு அளவு முக்கியம், ஏனென்றால் 15 சதவீதக் கையிருப்பு தீர்ந்துபோகும் காலம் ஏறத்தாழ அது. அளக்கும்போது அகலப்படுத்திய சந்திப்பில் மட்டும் நிற்காமல், அதே உச்ச நேரத்தில் அடுத்த சந்திப்பின் வரிசை நீளத்தையும், ஒருவர் நடந்து சாலையைக் கடக்கக் காத்திருக்கும் விநாடிகளையும், ஒரு மணியில் கோட்டைத் தாண்டிய ஆட்களின் எண்ணிக்கையையும் எடுக்க வேண்டும். வேலை தொடங்கும் முன் இதே மூன்றையும் எண்ணி வைத்திருந்தால்தான் ஒப்பிட ஏதாவது இருக்கும்.